நம் கடலை நாமே பங்கிடுவோம்

பேனரில் இருந்த அந்த வாசகம் என்னுடையது. பிறகு யாராவது தோண்டி எடுப்பதற்குள் நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

கடற்பரப்புத் திட்டமிடல் என்ற வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். எங்கே மீன் பிடிப்பது, எந்த வழியில் கப்பல் போவது, எங்கே காற்றாலைத் தூண் நடுவது, எதைத் தொடாமல் விடுவது என்று கடலுக்கு வரைபடம் போடுகிற வேலை. நான் அதில் சரியாகச் செய்தவை எல்லாம் அறிக்கைகளாக உங்கள் அலமாரியில் இருக்கின்றன. தூக்கம் வராதவர்கள் எடுத்துப் படிக்கலாம். தப்பாகச் செய்த ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன், அது எந்த அறிக்கையிலும் இல்லை.

நமக்கும் அக்கரை நாட்டுக்கும் நடுவில் இருக்கிற ஆழம் குறைந்த கடல்தான் விஷயம். அதன் நடுவே எல்லைக்கோடு ஓடுகிறது. கோட்டுக்கு இருபுறமும் இருக்கிற மீனவர்களை ஒரே இடத்தில் உட்காரவைத்து, இரண்டு அரசுகளுக்கும் ஒரு கூட்டு வரைவு எழுதித் தர வேண்டும். எழுதுவது சுலபம். உட்காரவைப்பதுதான் கஷ்டம். எங்கள் கரையில் எந்த ஊரைச் சொன்னாலும் அடுத்த ஊர்க்காரர்கள் "அது அவுக ஊரு, நாங்க வரமாட்டோம்" என்றார்கள். நான் திருச்சுழிப் பக்கத்துக்காரன். கடலே இல்லாத ஊரில் வைத்தால் யாருக்கும் சொந்த ஊர்ப் பலம் இருக்காது, மதுரையில் விமானம் இறங்குகிறவர்களுக்கும் பக்கம், அருப்புக்கோட்டையில் வைத்துவிடலாம் என்றேன். எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு பெண்மணி. நாங்கள் எல்லோரும் மேடம் என்போம். "தண்ணியில்லாத ஊர்ல கடல் கூட்டமா?" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புறநகரில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தோம். பேனருக்கு வாசகம் வேண்டும் என்றார்கள். அலுவலகத் தமிழ் எனக்குப் பிடிக்காது. "கடல்வளப் பகிர்வுக்கான பன்முகத் தரப்பினர் கலந்துரையாடல்" என்று யாரோ எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு, எல்லோருக்கும் புரிகிற மாதிரி நான் எழுதினேன்: "நம் கடலை நாமே பங்கிடுவோம்."

எல்லோருக்கும் புரிந்தது. முதல் நாள் காலை ஒன்பதரை மணிக்கு நான்கு விவசாயிகள் சாக்குப் பையோடு வந்து நின்றார்கள். "விதைக் கடலை எங்கன சார் தாராக?"

இது வேறு கடல், உப்புத் தண்ணீர்க் கடல் என்று சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. மூன்று பேர் என்னை முறைத்துவிட்டுப் போனார்கள். நான்காமவர் குருசாமி, பரளச்சிப் பக்கம். அறுபதைத் தாண்டிய மனிதர், சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றார்.

"வந்தது வந்துட்டேன். வெயில் தாழப் போறேன் சார். உள்ள ஃபேன் ஓடுதுல்ல?"

வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர், எந்தத் தரப்பு என்று மூன்று கட்டம் போட்டிருந்தோம். அவர் அதை எட்டிப் பார்த்தார். "என் பேரை எழுதலையா?"

"உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்கய்யா. சாப்பாடு தயாரா இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு தரப்பைச் சமாளித்துவிட்ட திருப்தியோடு உள்ளே போனேன்.

அவர் மூன்று நாளும் வந்தார். சாம்பாருக்காகத்தான் என்று நான் நினைத்தேன். கேட்டபோது அவரும் அப்படித்தான் சொன்னார்.

இப்போது வரைபடத்துக்கு வருகிறேன். மண்டபத்துச் சுவரில், மணமக்கள் உட்காரும் மேடைக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தோம். பெரிய படகுகள் போகும் இடம் நீலம், சின்ன வள்ளங்கள் போகும் இடம் பச்சை, கப்பல் வழி சிவப்பு. மீனவர்கள் தங்கள் பாடுகளுக்கு, அதாவது மீன் பிடிக்கிற இடங்களுக்கு, வைத்திருக்கும் பெயர்களை அப்படியே தமிழில் எழுதியிருந்தோம். நடுவில் கோட்டுக்கு இருபுறமுமாக ஒரு துண்டு மட்டும் எந்த வண்ணமும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. அங்கே "பயன்பாட்டில் இல்லாத பகுதி" என்று எழுத வேண்டும். நான் "தரிசு" என்று எழுதினேன். திருச்சுழிக்காரனுக்கு வேறு என்ன சொல் வாயில் வரும்?

அது ஏன் வெள்ளையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தை நாங்கள் இரண்டு முறை போய்ப் பார்த்துப் பதிவு செய்தோம். அதற்குப் படகு வேண்டும். படகுக்காரர்கள் வாடகைக்கு வருவது மீன்பிடித் தடைக் காலத்தில், இல்லையென்றால் வாடைக் காற்று அடிக்கிற மார்கழியில். மற்ற மாதங்களில் அவர்களுக்கு வேலை இருக்கும், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆக, கடலுக்கு யாரும் போகாத நேரமாகப் பார்த்துத்தான் கடலில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணப் போனோம். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

அக்கரைப் பக்கத்துப் பாதியை அவர்கள் அனுப்பிய இறங்குதுறைப் பட்டியலை வைத்து வரைந்தோம். பட்டியலில் பெரிய துறைகள் மட்டும் இருந்தன.

அக்கரையிலிருந்து வந்த ஒன்பது பேரில் ஒரே பெண் ஜெசிந்தா. ஐம்பது வயதிருக்கும். போரில் இடம்பெயர்ந்து, பல வருஷம் கழித்துத் திரும்பிவந்த ஒரு சின்னக் கடற்கரை ஊரின் நண்டுவலைச் சங்கத்துக்குத் தலைவி. கணவர் இல்லை. சொந்த வள்ளத்தில் தானே போய் வலை விடுகிறவர். அவர் ஊர்த் துறை அந்தப் பட்டியலில் கிடையாது. முதல் நாள் அறிமுகத்தில் எழுந்து, "மாசியில கூட்டம் வச்சிட்டீங்கள். நான் பாட்டை விட்டுட்டு வந்தனான். கெதியா முடிச்சா நல்லது" என்றார்.

அதற்கு முன்பு தேநீர் குடிக்கும்போது, கோயிலில் பாடல் குழுவில் இருப்பதாக அவர் யாரிடமோ சொன்னதைக் கேட்டிருந்தேன். தவக்காலத்துப் பாட்டுப் பயிற்சியை விட்டுவிட்டு வந்திருக்கிறார் போல என்று நினைத்து, "பாட்டை இங்கேயும் பாடலாம்மா" என்று சிரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சுவரில் என் கைப்படப் பாடு பாடு என்று பத்து இடத்தில் எழுதியிருக்கிறது. அவர் விட்டுவந்தது பாட்டு இல்லை, மாசி மாதத்துப் பாடு என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த இரண்டாம் வேற்றுமை, கடலையும் பாட்டையும் வைத்து என்னை இரண்டு முறை குழியில் தள்ளியது.

இரண்டு நாள் சண்டை. வலை அறுப்பு, படகு பிடிப்பு, யார் வயிற்றில் யார் அடித்தது என்பதெல்லாம் வந்தது. எங்கள் கரையின் பெரிய படகுச் சங்கத் தலைவர் ராயப்பன் குரலை உயர்த்தினால் மண்டபத்துச் சமையல்காரர்கள் வெளியே வந்து எட்டிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் காலையில்தான் முதல் முறையாக எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். காற்றாலைத் தூண்களை எங்கே நடுவது? யாரும் போகாத இடத்தில் நடலாம் என்றோம், நாங்கள் சொன்னது அந்தத் தரிசை. பெரிய படகுகளுக்கு அங்கே ஆழம் போதாது, ராயப்பனுக்கு ஆட்சேபம் இல்லை. அக்கரைப் பெரிய துறைக்காரர்களுக்கும் இல்லை. ஜெசிந்தாவும் பேசாமல்தான் இருந்தார். மதியத்துக்கு மேல் கையெழுத்து என்று சொல்லிச் சாப்பாட்டுக்கு விட்டோம். இரண்டு நாட்டுக்காரர்களும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டியதைப் பார்த்ததில் எனக்குப் பசியே போய்விட்டது.

மண்டபத்துக்குப் பின்பக்கம் கைகழுவும் இடம். அதற்கு அப்பால் முள்வேலி, வேலிக்கு அப்பால் காய்ந்த நிலம். நிலம் நிறைய செம்மறி ஆடுகள். ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றார். பக்கத்தில் குருசாமி பல் குத்திக்கொண்டிருந்தார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் தட்டோடு நின்றேன்.

"இது ஆற்ற காணி ஐயா?" என்று, யாருடைய நிலம் அது எனக் கேட்டார் ஜெசிந்தா.

"இதா? இது தரிசு தாயி."

"இதுக்கும் தரிசெண்டுதான் பேரோ? அங்க படத்திலயும் ஒரு இடத்துக்கு அந்தப் பேர் போட்டிருக்கு."

"பேரா?" குருசாமி சிரித்தார். "பேரில்ல தாயி. ஒண்ணும் வெதைக்காம யாருக்கும் ஒதவாமச் சும்மா கெடக்குற நெலத்துக்குத் தரிசும்பாக."

"சும்மா கிடக்கே? இவ்வளவு செம்மறி நிக்குது?"

"அது கெடக்காரவுக ஆடு. கெழக்க இருந்து வருவாக. தை அறுப்பு முடிஞ்சா இங்கன வந்து கெட போடுவாக, ராவுக்கு ஆட்டை இந்த நெலத்துலயே அடைப்பாக, ரெண்டு மாசம் இருப்பாக, மழைக்கு முந்திப் போயிருவாக. ஆட்டுக்கு மேய்ச்சல், மண்ணுக்கு எரு."

"அப்ப இது தரிசில்லையே ஐயா."

"காயிதத்துல தரிசு தாயி. நெலத்துல கெட."

ஜெசிந்தா திரும்பி நேராக உள்ளே போனார். நான் பின்னால் போனேன். வரைபடத்தின் முன்னால் நின்று, வெள்ளைத் துண்டின் மேல் விரலை வைத்தார்.

"ஐயா, இந்தத் தரிசெண்டு எழுதினது உங்கட ஆக்கள் இந்த இடத்துக்கு வச்ச பேர் எண்டு நினைச்சன். நாங்கள் இதை மாசிப்பாடு எண்டுவம். பேர்தானே இது?"

ஊரே கூடி வந்த திருமணம் தாலி கட்டும் நேரத்தில் நின்றுவிடக் கூடாதே என்பது மாதிரி, கையெழுத்து நின்றுவிடக் கூடாதே என்ற பயம்தான் எனக்கு இருந்தது. "பேர் மாதிரிதான்மா" என்றேன்.

இதைச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். முழுப் பொய்யாக இருந்தாலாவது தைரியம் என்று சொல்லலாம். அது அரைப் பொய். அவர் "சரி" என்று தலையசைத்துவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். என்னை நம்பினார்.

பத்து நிமிடம் இருந்தது. மேடம் மணமகள் அறையில் கையெழுத்துத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மாசி என்று அந்த இடத்தின் பெயரிலேயே மாதம் இருக்கிறது, நாம் மார்கழியில் போய்ப் பார்த்தோம் என்றும் சொன்னேன். அவர் தாள்களை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப சொன்னா என்ன போகும்?"

"மூணு நாளும் போகும். ஒத்துக்கிட்ட ஒண்ணும் போகும்."

"சொல்லலைன்னா?"

"அந்தம்மா ஊரு போகும். அவங்களுக்கு வேற எடம் கிடையாது. மத்த எடத்துல பெரிய படகு."

"அப்ப எது போனாப் பரவாயில்லைன்னு முடிவு பண்ணிக்கிட்டுத்தானே வந்திருக்கீங்க. என்கிட்ட அனுமதி கேக்காதீங்க. கேட்டா, வேண்டாம்னுதான் நான் சொல்லியாகணும்."

இவ்வளவுதான் பேச்சு. கேட்டால் மறுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்த அதிகாரி, கேட்காதே என்று சொல்லுவது எவ்வளவு பெரிய உதவி என்பது உங்களுக்கும் ஒரு நாள் தெரியவரும். அப்படி ஒருவர் உங்களுக்கு மேலே வாய்த்தால் அவர் சிடுசிடுப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். வரைபடம் தப்பு என்றேன். யார் போட்டது என்று சொன்னேன். எந்த மாதங்களில் போய்ப் பார்த்தோம், ஏன் அந்த மாதங்கள் என்பதையும் சொன்னேன். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் முன்னாடி நீங்க கேட்டதுக்கு நான் சரியாப் பதில் சொல்லலை. தரிசுங்கிறது பேர் இல்லை. யாரும் வர்றதில்லைன்னு அர்த்தம்" என்றேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ராயப்பன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அப்ப யாருக்கோ எழுதிக் குடுக்குறதுக்கு முன்கூட்டியே வெள்ளையா விட்டு வச்சிருக்கீக! ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம். மூணு நாளாச் சோறு போட்டு எங்க கையெழுத்த வாங்கத்தான் இங்கன கொண்டாந்தீகளா?" அக்கரைப் பெரிய துறைக்காரர் ஒருவர் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். நான் பதில் சொல்லக் கூடாது என்று நின்றேன். தப்பைச் சொன்ன கையோடு அதற்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் சொன்னது செல்லாது.

ஜெசிந்தா எழுந்து வரைபடத்துக்குப் போனார். கத்தவில்லை.

"நான் மூண்டு நாளா இதைப் பாத்துக்கொண்டு இருந்தனான். எங்கட இடத்துக்குத்தான் இவை வேற பேர் போட்டிருக்கினம், ஆரும் போகாத இடத்தில தூண் எண்டு நீங்கள் சொன்னது வேற எங்கயோ எண்டு நினைச்சன். எங்கட ஊரில முப்பத்தாறு வள்ளம். மாசி, பங்குனி இங்க நண்டு. மற்ற மாசம் கரையோரத்தில கிடைக்கிறதைப் பிடிச்சுக்கொண்டு கிடப்பம். இந்த ரெண்டு மாசம் இல்லையெண்டா நாங்கள் திரும்ப ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். ஒருக்காப் போய் வந்திட்டம். இன்னொருக்கா ஏலாது."

வாசலுக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். ராயப்பன் நின்றபடியே இருந்தார், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்க சின்ன வள்ளத்துக்காரவுகளும் போவாக" என்றார். "கச்சான் காத்து விழுந்ததுக்கப்புறம், ஆவணி, புரட்டாசியில. அவுக பேரு பட்டியல்ல இல்ல. பெரிய படகுக்கு மட்டும் பேசச் சொல்லித்தான என்னையக் கூப்பிட்டீக. நீங்களும் கேக்கல. நானும் சொல்லல."

தன் தப்பை அவர் சொன்ன விதம் அது. அதற்கு மேல் யாரும் அவரிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

கையெழுத்துத் தாள்களை மேடம் எல்லோர் முன்னாலும் எடுத்து உள்ளே வைத்தார். தூண் பேச்சை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் யார், எந்த மாதம் என்று எழுத ஆரம்பித்தோம். ஒரு மணி நேரத்தில் வெள்ளைத் துண்டு பென்சில் எழுத்தால் நிறைந்துவிட்டது. கடைசியில் ஒரு சிக்கல். எங்கள் வள்ளத்துக்காரர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். மாசிப்பாடு என்று போட்டால் அது அக்கரைக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும் என்றார் ராயப்பன். எங்கள் பெயரைப் போட்டால் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கடல் ஓரளவு பங்காகிவிட்டது, பெயர் பங்காகவில்லை. மறுபடியும் குரல்கள் ஏறின.

பின்வரிசையில் ஃபேனுக்குக் கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது. "கெடன்னு போடுங்க சார்."

குருசாமி. எல்லோரும் திரும்பினார்கள்.

"பெறகென்ன? இவுக ரெண்டு மாசம் வாராக, போறாக. அவுக ரெண்டு மாசம் வாராக, போறாக. எடம் யாருக்கும் சொந்தமில்ல, சும்மாவும் கெடக்கல. எங்கூர்ல அதுக்குப் பேரு கெடதான்."

முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. கடலில் ஆட்டுக்கிடையா என்று யாரோ கேட்டார்கள். சிரித்து முடித்தபோது, அந்தச் சொல்லை மறுக்க எந்தப் பக்கத்துக்கும் காரணம் இல்லை என்பது தெரிந்தது. அது கடல் சொல்லே இல்லை. இரண்டு கரைக்கும் சொந்தமில்லாத சொல். ஜெசிந்தா பென்சிலை வாங்கி, என் எழுத்தை அடித்துவிட்டு, அதன் மேல் "கிடை" என்று எழுதினார்.

கூட்டம் கலைந்தபோது குருசாமி சாக்கோடு என்னிடம் வந்தார். "அப்ப விதைக் கடலை வராதுங்கிறீக?"

"வேளாண்மை ஆபீசுக்கு எழுதுறேங்கய்யா" என்றேன். எழுதவும் செய்தேன். பதில் வரவில்லை.

இதனால் எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தூண்களை வேறு இடத்துக்குத் தள்ளினோம். அது பெரிய படகுகளின் இடம், ராயப்பன் இன்றைக்கும் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். கூட்டு வரைவு இரண்டு தலைநகரங்களுக்கும் போய்வந்துகொண்டே இருக்கிறது. வரைபடத்தில் ஏன் பிழை என்று எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, மேடத்துக்கும் வந்தது. ஆனால் எத்தனை முறை வரைவு திரும்பி வந்தாலும் கிடை என்ற சொல்லின் மேல் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. மாசி பிறந்தால் ஜெசிந்தாவிடமிருந்து போனில் ஒரு படம் வரும். வள்ளத்துக்குள் நண்டு, கீழே "கிடையில நிக்கிறம்" என்று ஒரு வரி.

கூட்ட அறிக்கையில் பங்கேற்றவர்கள் பட்டியலை நான்தான் தயாரித்தேன். குருசாமியின் பெயர் அதில் இல்லை. பதிவேட்டில் இருந்தால்தானே அறிக்கையில் வரும். அச்சான பிறகுதான் எனக்கு உறைத்தது.

போன வருஷம், நான் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்ட பிறகு, குருசாமி என் வீட்டைத் தேடி வந்தார். கையில் ஒரு மடித்த தாள். பரளச்சிப் பக்கம் சூரிய மின்சாரப் பலகைகள் வரப்போகின்றன, அதற்கு எடுக்கிற இடத்தின் வரைபடம். அவர் காட்டுக்கு, அதாவது மானாவாரி நிலத்துக்கு, மேற்கே ஆடு நிற்கிற அரசு நிலம் முழுக்க வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரே சொல், தரிசு.

"கடல்ல ஒரு எடத்துக்கு மாத்தி எழுதுனீகளே சார், அதே மாதிரி இதையும் மாத்துங்க. கெடக்காரவுக வரலேன்னா என் காட்டுக்கு எருவு கெடையாது. அவுகளுக்கும் போக்கிடம் கெடையாது."

"அது என் டிபார்ட்மெண்ட் இல்லீங்கய்யா. நான் ரிட்டயர்டு ஆயிட்டேன்."

"எனக்குந்தான் கடலு டிப்பார்ட்டுமெண்டு இல்ல" என்றார்.

திருச்சுழியில் ஒரு மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். இருவரும் பஸ் ஏறிப் போனோம். வாசலில் மேசை போட்டு ஒரு இளம் அதிகாரி உட்கார்ந்திருந்தார். உங்கள் வயதுதான் இருக்கும். துறை வேறாக இருந்தாலும் பதிவேடு அதேதான். பெயர், ஊர், எந்தத் தரப்பு. அவர் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தார். கிடைக்காரர்கள் பெயரும் இல்லை, குருசாமி பெயரும் இல்லை, என் பெயர் இருக்க வழியே இல்லை.

"உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்கய்யா" என்றார் மரியாதையாக. "சாப்பாடு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க."

குருசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. என் காது சூடாகிவிட்டது.

"சாப்பிட்டுட்டுத்தான் தம்பி போவோம்" என்றேன். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இந்த எடத்தை எந்த மாசத்துல வந்து பாத்தீங்க?"

அவர் கோப்பைத் திறந்து தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு நிமிர்ந்து, பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். குருசாமி அதை வாங்கி, தன் பெயரையும் ஊரையும் எழுத்துக் கூட்டி எழுதினார். எந்தத் தரப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடலை" என்று எழுதினார்.